முதல் பந்தி யாருக்கு?

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் திருவள்ளூரைத் தாண்டினால் கனகம்மாசத்திரம் வரும். அடுத்தது திருத்தணி. அதற்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை, எல்லையைத் தாண்டியதும் நகரி. கனகம்மாசத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரத்தில் இலை போட்டால் முதல் பந்தியில் யார் உட்காருவது என்று முணுமுணுப்பு எழுவது வழக்கம்தான். அரசாங்கம் மேசை நாற்காலியோ துணியோ மருந்தோ வாங்கக் கிளம்பும்போது எழுவதும் அதே முணுமுணுப்பு. சிறுதொழில்காரருக்கு முதல் இலை போடலாமா, போட்டால் பெரிய ஆலைக்காரர் கோர்ட்டுக்குப் போகலாமா என்ற வழக்குக்கு இந்தியாவில் அறுபது ஆண்டுக்கு மேல் வயதாகிறது.

இந்த வட்டாரத்துக்கு அந்தக் கேள்வி வெறும் சட்டப் பாடமல்ல. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்நின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் மத்தியஸ்தர் படாஸ்கரின் சமரசத்துக்கும் பிறகு, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்குச் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. தறி இருந்த இடத்திலேயே இருந்தது. நெய்தவரின் அரசாங்கம் மட்டும் ஏழு வருஷத்துக்குள் இரண்டு முறை மாறியது.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று திருத்தணியைச் சுற்றி இருப்பவை நெசவு ஊர்கள். ஒரு காலத்தில் கைத்தறி. இப்போது பெரும்பாலும் விசைத்தறி. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நான்கைந்து தறி ஓடும். நூல் நெய்பவருடையதல்ல. முதலாளி பாவும் ஊடை நூலும் கொடுப்பார், தார் சுற்றி நாடாவில் போட்டு ஓட்டித் துணியாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி. நகரியிலும் புத்தூரிலும் இதே தறி, இதே சத்தம். ஒரே பாவை இங்கே நெய்தால் தமிழ்நாட்டுச் சலுகை, அங்கே நெய்தால் ஆந்திரச் சலுகை.

சலுகை என்ற எண்ணமே இங்கே தாமதமாக வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கத்துக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸ் வழியாக வாங்கப்பட்டது. 1922இல் இந்தியப் பண்டகத் துறை ஏற்பட்ட பிறகுதான் உள்நாட்டில் வாங்கும் பழக்கம் மெல்லத் தலைதூக்கியது. அதற்கு முன்பே சென்னை மாகாணம் ஒரு முயற்சி செய்து அடி வாங்கியிருந்தது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அது நன்றாக ஓடி, 1903இல் ஒரு தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அந்தத் தெம்பில் மாகாண அரசு தொழில்துறை ஒன்றையே அமைத்தது. அரசாங்கம் வியாபாரம் செய்வதா, தனியாருக்குப் போட்டியா என்று சென்னை ஐரோப்பிய வணிகர்கள் குரல் எழுப்பினார்கள். இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910 ஜூலையில் அனுப்பிய கடிதத்தில் அந்தத் துறைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். கோர்ட்டுக்குப் போகவே தேவையிருக்கவில்லை, லண்டனுக்கு ஒரு மனு போதுமாக இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அந்த மனு போகும் இடம் உச்ச நீதிமன்றம் ஆனது. அங்கே வாதாட இரு தரப்புக்கும் அரசமைப்புச் சட்டத்திலேயே ஆளுக்கொரு பிடி இருந்தது. பெரிய கம்பெனிக்கு 14ஆவது பிரிவு: சட்டத்தின் முன் எல்லோரும் சமம். சிறுதொழிலுக்கு 43ஆவது பிரிவு: கிராமப்புறங்களில் தனியார் முறையிலோ கூட்டுறவு முறையிலோ குடிசைத் தொழிலை வளர்க்க அரசு முயல வேண்டும். குடிசைத் தொழில் பற்றிய இந்த வரி அம்பேத்கரின் வரைவில் இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கோயம்புத்தூர்க்காரரான டி.ஏ.ராமலிங்கம் செட்டியார் கொண்டுவந்த திருத்தம் அது. கூட்டுறவு இயக்கத்தில் ஊறியவர், அதனால் கூட்டுறவு முறை என்று மட்டுமே எழுதியிருந்தார். தனியாகச் செய்பவன் என்ன பாவம் செய்தான் என்று விவாதத்தில் எழ, அதுவும் சேர்ந்தது. 43 வழிகாட்டு நெறிதான், அதை வைத்து வழக்குப் போட்டு எதையும் வாங்க முடியாது. ஆனால் வேறொருவர் போட்ட வழக்கில் கேடயமாகப் பிடிக்கலாம். பிற்பாடு நடந்ததும் அதுதான்.

1955 பிப்ரவரியில் தேசியச் சிறுதொழில் கழகம் தொடங்கியது. மத்திய அரசின் கொள்முதலில் சிறுதொழிலுக்குப் பங்கு வாங்கித் தருவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. சில பொருள்களைச் சிறுதொழிலிடம் மட்டுமே வாங்குவது என்று ஒரு பட்டியல் வந்தது. மற்றவற்றில் பெரிய ஆலையைவிட 15 சதவீதம் வரை கூடுதல் விலை கேட்டாலும் சிறியவரிடம் வாங்கலாம் என்ற விலைச் சலுகையும் வந்தது. தமிழ்நாட்டில் கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் திறந்தது, 1965இல் மாநில அரசின் சிறுதொழில் கழகமான டான்சி பிறந்தது. அரசு அலுவலகத்து இரும்பு பீரோவும் நாற்காலியும் டான்சி தயாரிப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு. டான்சி என்றால் இன்று பலருக்கு நிலபேர வழக்குதான் நினைவுக்கு வரும், பீரோவை மறந்துவிட்டார்கள்.

முதல் பெரிய மோதல் தறியிலிருந்தே வந்தது. விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்த துணிக்கு எக்சைஸ் வரிவிலக்கு கொடுத்தது மத்திய அரசு. அதே மாதிரித் துணி நெய்யும் எங்களுக்கு மட்டும் ஏன் வரி என்று ஓரியன்ட் வீவிங் மில்ஸ் கேட்டது. 1962இல் உச்ச நீதிமன்றம் 43ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி, சொந்த உழைப்பில் நிற்கும் சிறு நெசவாளர் கூட்டத்தை ஆலை முதலாளியிடமிருந்து பிரித்துப் பார்ப்பது சமத்துவ விரோதமல்ல என்றது. ராமலிங்கம் செட்டியாரின் வரி வேலை செய்துவிட்டது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து சிவகாசி வந்தது. கையால் தீக்குச்சி செய்யும் பட்டறைகள் ஒரு பக்கம், விம்கோ மாதிரி இயந்திர ஆலை மறுபக்கம். 1967இல் மத்திய அரசு எக்சைஸ் வரியை மாற்றியமைத்தபோது, கைவேலைப் பட்டறைகளுக்குள் முன்பிருந்த பல தட்டுகளை ஏறக்குறைய ஒன்றாக்கி, இயந்திரம் உண்டா இல்லையா என்பதையே முக்கியப் பிரிவுக்கோடாக வைத்தது. மிகச் சிறிய பட்டறைகளுக்கு மட்டும் தனிச் சலுகை. இடையில் மாட்டிக்கொண்ட நடுத்தரப் பட்டறைக்காரர்கள் மூர்த்தி மேட்ச் ஒர்க்ஸ் வழக்கில் கேட்டது வித்தியாசமான கேள்வி. வேறு வேறு அளவில் இருப்பவர்களை ஒரே தராசில் நிறுத்துவதும் பாரபட்சம்தானே என்றார்கள். 1974 தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த வாதத்தின் நியாயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் எத்தனை தட்டு வைப்பது என்பது அரசின் பொருளாதாரக் கொள்கை, நீதிமன்றம் தீக்குச்சி எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்ற பொருள்பட மனுவைத் தள்ளினார். சிறியவருக்குள்ளும் சிறியவர் உண்டு. அவருக்காகக் கோடு எங்கே கிழிப்பது என்ற தலைவலியை அரசிடமே விட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டும் வரி வழக்குகள். அரசு கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும்போது என்ன விதி என்பது 1979இல், பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிக் கடை நடத்தும் ஒப்பந்தம் பற்றிய வழக்கில் தெளிவாயிற்று. நீதிபதி பி.என்.பகவதி சொன்னதன் சாரம் இது: தனி ஆள் தன் பணத்தை யாரிடம் வேண்டுமானாலும் செலவழிக்கலாம், அரசு அப்படிச் செய்ய முடியாது, டெண்டரில் தானே போட்ட நிபந்தனையைத் தானே மீறவும் முடியாது. இதோடு சலுகைக் கொள்முதலுக்கு மூடுவிழா என்று பலர் நினைத்திருப்பார்கள். மறு ஆண்டே அதே பகவதி, காஷ்மீர் அரசு டெண்டர் விடாமல் பைன் மரப் பிசின் எடுக்கும் உரிமையைத் தன் மாநிலத்தில் ஆலை வைக்க முன்வந்த ஒரு கம்பெனிக்குக் கொடுத்ததை ஏற்றார். பொதுநன்மைக்கான காரணம் வெளிப்படையாக இருந்தால் போதும் என்றானது. அதன்பின் இந்தத் துறையில் வந்த பல வழக்குகள் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவே ஊசலாடியவைதான்.

அவற்றில் சுவையானது ரயில் பெட்டியின் அடிச்சட்ட வழக்கு. சரக்கு வேகன் உட்காரும் வார்ப்பு எஃகு போகிகளை வாங்க ரயில்வே 1991-92இல் டெண்டர் விட்டது. இந்துஸ்தான் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், முகந்த், பாரதீய எலெக்ட்ரிக் ஸ்டீல் ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளும் ஒரு போகிக்கு 77,666 ரூபாய் என்று ஒரே விலை போட்டன. ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. சிறிய கம்பெனிகள் போட்டது 83,000க்கு மேல். மூவரும் பேசிவைத்துப் போட்ட விலை என்று ரயில்வேக்குச் சந்தேகம். நெருக்கிக் கேட்டதும் அதே பெரியவர்கள் விலையைப் பத்தாயிரம் ரூபாய் வாக்கில் இறக்கத் தயாரானார்கள். இப்போது அதிகாரிகளுக்கு வேறு பயம் வந்தது. இந்த விலைக்கு எல்லா ஆர்டரையும் மூவருக்கே கொடுத்தால் சிறிய வார்ப்பாலைகள் மூடிப்போகும், அடுத்த டெண்டரில் மூவரும் சொன்னதுதான் விலை. எனவே பெரியவருக்கு ஒரு விலை, சிறியவருக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை என்று முடிவுசெய்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் இரட்டை விலையை ஏற்றது. மூவர் கூட்டுச் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரே விலை மட்டும் ஆதாரமாகாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. கூட்டுச் சதி நிரூபணமாகாவிட்டாலும், சிறியவர் பிழைத்திருப்பதே நாளைய போட்டிக்கு உத்தரவாதம் என்ற கணக்கு செல்லும். கொள்முதல் சலுகைக்கு இதைவிட நல்ல நியாயம் எந்த அரசாணையிலும் எழுதப்படவில்லை.

அதே 1993இல் வந்த இன்னொரு தீர்ப்பு திருத்தணிப் பக்கத்துக்கு நேராகவே உறைத்திருக்கும். 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் 1986இல் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டன. லுங்கி அதில் உண்டு. விசைத்தறிக்காரர்கள் எங்கள் தொழில் உரிமை போகிறது என்று வழக்காடினார்கள். உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1962இல் ஆலைக்கு எதிரே நின்ற சிறியவர் விசைத்தறிக்காரர். முப்பது ஆண்டில் அவர் கைத்தறிக்கு எதிரே நிற்கும் பெரியவராகிவிட்டார். தீர்ப்பு காகிதத்தில் நின்றது, ஷெட்டில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1996இல் பட்டியல் 11 வகையாகச் சுருங்கியது, லுங்கி அப்போதும் பட்டியலில்தான்.

சலுகை கேட்பவரே சலுகைக்கு எதிராக நின்ற வழக்கும் உண்டு. பஞ்சாப் அரசு ஆஸ்பத்திரி மருந்துகளைப் பொதுத்துறையிடம் மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்தபோது, அந்த மாநிலத்து மருந்து உற்பத்தியாளர் சங்கம் எதிர்த்தது. உயர் நீதிமன்றத்தில் வென்றது, 1999இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.லிடம் தோற்றது. கேரளத்தில் அரசு உதவித் திட்டத்தில் வாங்கும் பம்ப்செட்டை வட மாவட்டங்களில் ராய்ட்கோ, கெய்கோ என்ற இரண்டு நிறுவனங்களிடம் மட்டும் வாங்க வேண்டும் என்ற சுற்றறிக்கையை வியாபாரிகள் எதிர்த்து 1996இல் தோற்றார்கள். அரசு யாரை முதல் பந்தியில் உட்காரவைத்தாலும் கோர்ட் பெரும்பாலும் தலையாட்டியது என்பதுதான் உண்மை. முதல் இலை சிறியவருக்கா, அரசின் சொந்தப் பிள்ளைக்கா என்று அது அதிகம் கவலைப்படவில்லை.

வெளிநாட்டில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் முதல் சிறுதொழிலுக்குக் கொள்முதல் பங்கு உண்டு. அளவை வைத்துக் கொடுக்கும் சலுகையை அங்கே யாரும் பெரிதாக அசைக்க முடியவில்லை. இனத்தை வைத்துக் கொடுத்ததுதான் 1995இல் அடாரண்ட் வழக்கில் கடுமையான சோதனைக்கு உள்ளானது.

இந்திய நீதிமன்றம் கண்டிப்புக் காட்டிய இடம் ஒன்று உண்டு. அது எல்லைக்கோடு. ஆந்திர அரசு தன் மாநிலத்துக்குள் தயாரான சிமெண்டுக்கு மட்டும் விற்பனை வரியைக் குறைத்தது. தமிழ்நாட்டு சிமெண்ட் கம்பெனி வழக்குப் போட்டது. 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்ற 301, 304 பிரிவுகளைக் காட்டி அதை ரத்து செய்தது. ஜம்மு காஷ்மீர் அரசு உள்ளூர்ச் சிறுதொழில் எண்ணெய் ஆலைகளுக்கு முழு வரிவிலக்கு கொடுத்ததும் 1996இல் ஸ்ரீ மகாவீர் ஆயில் மில்ஸ் வழக்கில் விழுந்தது. சிறுதொழில் என்ற பெயர்ப்பலகை அங்கே காப்பாற்றவில்லை. வரி போடும் அரசு பக்கத்து மாநிலச் சரக்குக்கு வேலி போடக் கூடாது. ஆனால் அதே அரசு பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது தன் ஊர்க்காரரிடம் வாங்கலாம். கனகம்மாசத்திரத்துப் பட்டறைக்கும் நகரிப் பட்டறைக்கும் சந்தையில் ஒரே வரி. தலைமைச் செயலகத்தின் டெண்டரில் ஒரே மதிப்பு இல்லை. கேட்க விநோதமாக இருந்தாலும் நடைமுறையில் இன்றும் இதுதான் நிலை.

தமிழ்நாடு 1998இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தது. மத்தியில் 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டமும், அதன் 11ஆவது பிரிவின்கீழ் 2012 மார்ச்சில் கொள்முதல் ஆணையும் வந்தன. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2018இல் இது 25 ஆனது. அதற்குள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துவதற்கு 3. 358 பொருள்கள் முழுவதும் ஒதுக்கீடு. முன்வைப்புத்தொகை கட்ட வேண்டாம்.

படிக்கத் தாராளமாகத் தெரியும் இந்த ஆணையில் ஒரு மாற்றம் பலர் கண்ணில் படவில்லை. பழைய முறையில் பெரியவர் 100 ரூபாய் போட்டு, சிறியவர் 115 போட்டால், 115 கொடுத்தே வாங்க அரசுக்கு வழி இருந்தது. புது முறையில் 115 வரை போட்ட சிறியவர், 100 ரூபாய்க்கு இறங்கி வரச் சம்மதித்தால்தான் ஆர்டரில் ஒரு பங்கு. சலுகை விலையிலிருந்து வாய்ப்புக்கு மாறிவிட்டது. ஆலை விலைக்கு இறங்க முடிந்த பட்டறைக்குச் சலுகை எதற்கு என்று ஒரு தொழிற்பேட்டை முதலாளி கேட்டால் அதிகாரியிடம் பதில் இருக்காது.

கோர்ட்டில் வென்ற சலுகை வேறு இரண்டு இடங்களில் கசிந்தது. ஒன்று, பில் பணம். சிறுதொழிலுக்குப் பாக்கி வைத்தால் வட்டி கட்ட வேண்டும் என்று 1993இல் தனிச் சட்டம் வந்தது. 2006 சட்டம் 45 நாள் கெடு வைத்து, மீறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றது. தீர்ப்பாயத்தில் தோற்ற வாங்குபவர் மேலே போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அதைத் தளர்த்த முடியாது என்று குட்இயர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அசாம் மின்வாரியத்துக்கு 1992 ஆர்டரின்படி அலுமினியக் கம்பி கொடுத்த சாந்தி கண்டக்டர்ஸ் வட்டிக்காக நடத்திய வழக்கு 2019 வரை ஓடியது. ஆர்டர் சட்டத்துக்கு முந்தியது என்றாலும் சரக்கு பிந்திப் போயிருந்தால் வட்டி உண்டு என்ற சட்டக் கேள்வியில் அவர்கள் பக்கமே தீர்ப்பு. ஆனால் வழக்கைக் காலங்கடந்து போட்டார்கள் என்று பணம் கிடைக்கவில்லை. மின்வாரியத்தின் அடுத்த ஆர்டரும் வேண்டும் என்று காத்திருக்கும் சிறுதொழில்காரர் மூன்று வருஷத்துக்குள் அதே மின்வாரியத்தின் மேல் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

இரண்டாவது, டெண்டர் பாரத்தின் நிபந்தனைகள். இருபத்தைந்து சதவீதம் உனக்கே என்று ஆணை சொல்லும். கடந்த மூன்று ஆண்டில் இத்தனை கோடி டர்ன்ஓவர் இருந்தால்தான் டெண்டர் போடலாம் என்று பாரம் சொல்லும். டர்ன்ஓவர் இருந்தால் அவர் சிறியவராகவே இருக்க மாட்டார். கூலிக்கு நெய்பவரின் கதை இன்னும் மோசம். துணிக்கு அவர் சொந்தக்காரரே அல்ல என்பதால் பாரத்தில் எந்தக் கட்டத்திலும் அவர் இல்லை. 1983இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் ஆர்டர்கள் பெரும்பகுதி கொங்குப் பக்கத்து விசைத்தறிச் சங்கங்களுக்கே போகின்றன. திருத்தணிப் பக்கத்துத் தறிக்கு அரசின் கை நேராக எட்டுவது இலவச மின்சாரத்தில்தான். 2006இல் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட், பிறகு 750, 2023இல் 1,000.

டர்ன்ஓவர் நிபந்தனை கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. லைஃப்கேர் இன்னோவேஷன்ஸ் என்ற சிறு மருந்து நிறுவனம் போட்ட மனுவில் 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மாவும் மனோஜ் மிஸ்ராவும் தீர்ப்பளித்தார்கள். 2012 ஆணை வெறும் கொள்கை அறிக்கையல்ல, அதற்குச் சட்ட பலம் உண்டு என்றார்கள். இருபத்தைந்து சதவீதத்தை ஒரு தனி நிறுவனம் எனக்குக் கொடு என்று உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் அந்த ஆணையால் அமைந்த மறுஆய்வுக் குழுவும் குறைதீர்ப்பு அமைப்பும் தம் கடமையைச் செய்தே தீர வேண்டும் என்றார்கள். குறைந்தபட்ச டர்ன்ஓவர் கேட்பதற்கு ஒரு வரம்பு வேண்டுமா என்ற கேள்வியை அந்தக் குழுவே பரிசீலித்து முடிவெடுக்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள்.